சதையிப் புற்றுநோயில் மெலியும் உடல்: போசாக்கும் உயிர்வாழும் காலமும்

நோயின் இயல்பு

சதையி என்றும் கணையம் என்றும் அழைக்கப்படும் உறுப்பு இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னே குறுக்காகக் கிடக்கிறது. அதன் நீளம் சுமார் 15 சென்ரிமீற்றர். நிறை 100 கிராமை ஒட்டியது. இச்சிறிய உறுப்பு நாளொன்றுக்கு ஒரு லீற்றருக்கு மேல் செரிமானச் சாற்றைச் சுரந்து முன்சிறுகுடலுக்குள் விடுகிறது. இன்சுலினை இரத்தத்தில் கலப்பதும் இதுவே. இங்கு தோன்றும் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பது, செரிமானச் சாற்றைக் கொண்டுசெல்லும் கான்களின் உட்படையிலிருந்து கிளம்புகின்றன. பெரும்பாலானவை சதையியின் தலைப்பகுதியில், பித்தக்கான் ஊடறுத்துச் செல்லும் இடத்தில் வளர்கின்றன. தலைப்பகுதிக் கட்டிகள் செங்கண்மாரியை உண்டாக்கித் தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். வால்பகுதிக் கட்டிகளுக்கு அந்த அடையாளமும் இல்லை. முதுகுவலி, மெலிவு என்று தெரியவரும்போது அவை பெரும்பாலும் பரவியிருக்கும்.

உலக அளவில் 2022ஆம் ஆண்டில் ஏறக்குறைய 5,10,000 பேருக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் 4,67,000 பேர் இதனால் இறந்தனர். இரு எண்களும் இவ்வளவு நெருங்கி நிற்கும் புற்றுநோய்கள் மிகச் சில. கண்டறியப்படும்போதே சத்திரசிகிச்சைக்கு ஏற்ற நிலையில் இருப்போர் 100 பேரில் 15 முதல் 20 பேர்தான். வசதி மிகுந்த அமெரிக்காவிலேயே ஐந்தாண்டுகள் கடந்து வாழ்வோர் 13 சதவீதத்தினர்.

இலங்கையில் இது முன்வரிசைப் புற்றுநோய் அல்ல. ஆண்களில் வாய்ப் புற்றுநோயும் நுரையீரல் புற்றுநோயும், பெண்களில் மார்பு, தைரொயிட் புற்றுநோய்களும் முன்னே நிற்கின்றன. வெற்றிலையும் புகையிலையும் புழங்கும் மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் புற்றுநோய் என்றால் வாய்ப்புண்தான் முதலில் நினைவுக்கு வரும். சதையியை நினைப்பவர் குறைவு. புகைபிடிப்பவருக்குச் சதையிப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்பதும் அதிகம் பேசப்படுவதில்லை. எனவே நோயாளி மெலிந்துபோவதை வீட்டார் முதலில் "யோசனை", "சீனி வருத்தம்", "வயிற்றுப்புண்" என்றே எடுத்துக்கொள்கின்றனர்.

மெலிவு எப்படி உண்டாகிறது

சதையிப் புற்றுநோயாளர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல், நோய் கண்டறியப்படும் நாளிலேயே நிறை இழந்திருப்பார்கள். இதற்குக் காரணங்கள் பல. அவை ஒன்றின்மேல் ஒன்றாக வந்து சேர்கின்றன. எது மாற்றக்கூடியது, எது மாற்ற முடியாதது என்று பிரித்தறிவதே சிகிச்சையின் முதல் வேலை.

மாற்ற முடியாதது முதலில். கட்டிக்கும் உடலின் எதிர்ப்பாற்றலுக்கும் இடையிலான மோதலில் உருவாகும் அழற்சிப் புரதங்கள் தசையைக் கரைக்கின்றன, கொழுப்பை உருக்குகின்றன, மூளையின் பசி மையத்தை அடக்குகின்றன. சாப்பாட்டுக் குறைவால் மெலிந்தவர் நன்றாகச் சாப்பிட்டால் தேறிவிடுவார். இந்த அழற்சி மெலிவோ உணவால் மட்டும் திரும்பாது. 2011இல் பன்னாட்டு வல்லுநர்கள் வகுத்த வரையறைப்படி, முயலாமலே ஆறு மாதங்களில் உடல் நிறையில் 5 சதவீதத்துக்கு மேல் இழந்தால் அது புற்றுநோய் மெலிவு. ஏற்கெனவே ஒல்லியானவருக்கு 2 சதவீத இழப்பே போதும்.

மாற்றக்கூடிய காரணங்களில் பெரியது செரிமானக் குறை. கட்டி சதையிக்கானை அடைத்துவிட்டால் லைப்பேஸ் முதலான நொதியங்கள் குடலை எட்டுவதில்லை. கொழுப்பு செரிக்காமல் அப்படியே வெளியேறுகிறது. மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு, கடும் நாற்றத்துடன் மிதக்கிறது. தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் போவதில்லை. கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே விற்றமின்களும் அதனுடனேயே போய்விடுகின்றன. கே விற்றமின் குறைந்தால் இரத்தம் உறைவது தாமதமாகும். சத்திரசிகிச்சைக்கு முன் இதைச் சரிசெய்தாக வேண்டும். மூன்று வேளையும் சாப்பிட்ட மனிதர் இப்படித்தான் பட்டினியில் வாடுகிறார். வாயால் போனது உடலில் சேரவில்லை என்பது வீட்டாருக்குத் தெரிவதில்லை. "நல்லாத்தான் சாப்பிடுறார், ஆனா உடம்பில ஒட்டுதில்லை" என்று அவர்கள் கிளினிக்கில் சொல்லும் வாக்கியம் உண்மையில் துல்லியமான நோய்க்குறிப்பு. வைத்தியர் அதை அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

இவை போக, கட்டி முன்சிறுகுடலை நெருக்கினால் வாந்தி, நரம்புப் பின்னலை அழுத்தினால் சாப்பிட்டவுடன் வலி, வலிக்குத் தரும் மோர்பின் மலச்சிக்கலை உண்டாக்கிப் பசியைக் கெடுப்பது, கட்டுப்பாடற்ற சீனி, மனச்சோர்வு. ஒவ்வொன்றுக்கும் மருத்துவம் உண்டு.

மெலிவுக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பு

ஜெர்மனியில் 227 நோயாளர்களைக் கொண்டு 2008இல் வெளியான ஆய்வொன்றில், சத்திரசிகிச்சை நேரத்திலேயே 40 சதவீதத்தினர் கடுமையாக மெலிந்திருந்தனர். மெலியாதவர்களில் 78 சதவீதத்தினருக்குக் கட்டியை அகற்ற முடிந்தது. மெலிந்தவர்களில் 49 சதவீதத்தினருக்கே முடிந்தது. இரு பிரிவினருக்கும் கட்டியின் அளவில் பெரிய வேறுபாடு இல்லை; ஆனால் மெலிந்தவர்களில் நோய் பரவியிருந்தோர் அதிகம். கட்டி அகற்றப்பட்டவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோதும் மெலிந்தவர்கள் குறைந்த காலமே வாழ்ந்தனர். 2009இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னொரு கோணத்தைக் காட்டியது: பார்வைக்குப் பருமனாக இருந்தாலும் உள்ளே தசை தேய்ந்த நோயாளர்களின் ஆயுள் குறைவாக இருந்தது. தொப்பை இருப்பதால் "உடம்பு பரவாயில்லை" என்று முடிவு கட்டக்கூடாது.

தசைக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்? ஒரு காரணம் கீமோதெரபி. பரவிய நோயில் நான்கு மருந்துகளைச் சேர்த்துத் தரும் ஃபோல்ஃபிரினொக்ஸ் முறை, 2011இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் நடுமட்ட ஆயுளை 6.8 மாதங்களிலிருந்து 11.1 மாதங்களாக உயர்த்தியது. சத்திரசிகிச்சைக்குப் பின் அதன் சற்றுத் திருத்திய வடிவத்தைப் பெற்றவர்களுக்கு நடுமட்ட ஆயுள் 54 மாதங்களை எட்டியது என்று 2018இல் அறிவிக்கப்பட்டது. இந்த எண்கள் நம்பிக்கை தருபவை. ஆனால் இரு ஆய்வுகளிலும் சேர்க்கப்பட்டவர்கள் எழுந்து நடமாடித் தம் வேலையைத் தாமே செய்யக்கூடிய உடல்நிலையில் இருந்தவர்கள். பாயோடு பாயாகக் கிடப்பவருக்கு அந்த மருந்தைத் தர வைத்தியர் துணியமாட்டார். தசை கரைந்தவருக்கு அதே அளவு மருந்தின் நச்சு விளைவும் கூடும். சுற்றுகள் தள்ளிப்போகும், அளவு குறைக்கப்படும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2018இல் நேச்சர் ஆய்விதழில் வெளியான ஆய்வொன்று, 782 நோயாளர்களின் ஸ்கான் படங்களை அளந்தபோது, கண்டறியும் வேளையில் காணப்பட்ட திசுத் தேய்வு மட்டும் ஆயுளைக் குறைக்கவில்லை என்று சொன்னது. அதே குழுவினர் எலிகளுக்கு நொதியம் கொடுத்தபோது கொழுப்பு கரைவது குறைந்தது, ஆயுள் கூடவில்லை. மறுபுறம், பிரித்தானிய மருத்துவப் பதிவேடுகளை வைத்து 2019இல் வெளிவந்த ஆய்வில் நொதியக் குளிகை பெற்ற நோயாளர்கள் பெறாதவர்களைவிட நீண்ட காலம் வாழ்ந்திருந்தனர். பதிவேட்டு ஆய்வுகளில், சற்று வலுவான நோயாளருக்கே குளிகை எழுதப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் எப்போதும் இருக்கும். ஆகவே "நன்றாகச் சாப்பிட்டால் புற்றுநோய் மாறிவிடும்" என்று சொல்வது பொய் வாக்குறுதி. செரிமானத்தைச் சரிசெய்து நிறையைக் காத்தால் சிகிச்சை தொடரும் வாய்ப்பும் இருக்கும் நாட்களின் தரமும் உயரும் என்பது ஆதாரம் தாங்கக்கூடிய கூற்று.

போசாக்கு நிலையை அளப்பது

முதற்கருவி தராசு. எப்போதிருந்து எவ்வளவு குறைந்தது என்பதுதான் கேள்வி; இன்றைய நிறை மட்டும் போதாது. இங்கே வாவிப் பிரதேச நோயாளருக்கு ஒரு வசதி உண்டு: நீரிழிவு, இரத்த அழுத்தக் கிளினிக் கொப்பிகளிலும், 35 வயது கடந்தோரைப் பரிசோதிக்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களின் பதிவுகளிலும் பழைய நிறை எழுதப்பட்டிருக்கும். 58 கிலோ இருந்தவர் இன்று 52 கிலோ என்றால் இழப்பு 10 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. புற்றுநோய்ப் பிரிவுக்குப் போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டுபோவது நல்லது. கால் வீங்கியிருந்தாலோ வயிற்றில் நீர் சேர்ந்திருந்தாலோ தராசு ஏமாற்றும். அப்போது மேற்கையின் சுற்றளவும் கைப்பிடி வலுவும் உதவும்.

இரத்தப் பரிசோதனையில் அல்புமின் பார்க்கப்படுகிறது. ஜப்பானில் ஒனோடெரா குழுவினர் 1984இல் வகுத்த முன்கணிப்புப் போசாக்குச் சுட்டெண், அல்புமினையும் வெண்குருதிக் கலங்களில் ஒரு வகையான லிம்போசைற்றுகளின் எண்ணிக்கையையும் சேர்த்துக் கணிக்கப்படுவது. ஸ்பெயினில் 2005இல் வந்த கோனட் மதிப்பெண் இவற்றோடு கொலஸ்ட்ரோலையும் சேர்த்துக்கொள்கிறது. இவை குறைந்த செலவிலானவை. வழமையான பரிசோதனைகளிலிருந்தே கணித்துவிடலாம். மதிப்பெண் மோசமானவர்களின் ஆயுள் குறைவு என்பது பல நாட்டு ஆய்வுகளிலும் திரும்பத் திரும்பக் காணப்பட்டுள்ளது. ஆனால் அல்புமின், உணவுக் குறைவால் மட்டும் இறங்குவதில்லை. அழற்சி, பித்தக்கானில் தொற்று, ஈரல் பாதிப்பு ஆகியவையும் அதை இறக்கும். அதனால் முட்டை வெள்ளைக்கரு கொடுத்து அல்புமினை "ஏற்றும்" முயற்சி பல வேளைகளில் ஏமாற்றத்திலேயே முடிகிறது.

நொதியக் குளிகைகள்

பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டி, சத்திரசிகிச்சை செய்ய முடியாத சதையிப் புற்றுநோயாளருக்கு நொதியக் குளிகையை வழங்க வேண்டும் என்றும், சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் அதைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் கூறுகிறது. அதே வழிகாட்டி, சத்திரசிகிச்சை செய்ய முடியாதவரின் நிறையிழப்புக்கு மீன் எண்ணெய்க் குளிகையைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. விலை கொடுத்து வாங்குவதில் முன்னுரிமை எதற்கு என்பது இதிலிருந்தே தெளிவாகும்.

வழமையாகப் பிரதான உணவுக்கு 50,000 அலகுகளும் சிற்றுண்டிக்கு 25,000 அலகுகளும் தொடக்க அளவு. மலத்தையும் நிறையையும் பார்த்து வைத்தியர் கூட்டுவார். குளிகையைச் சாப்பாட்டின் முதல் கவளத்தோடு விழுங்க வேண்டும்; உணவு நீண்டால் பாதியை நடுவிலே எடுக்கலாம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பின் எடுத்தால் பயன் குறையும். சுடுதேநீரோடு விழுங்கக்கூடாது, நொதியம் சூட்டில் கெட்டுவிடும். விழுங்க முடியாதவர் உறையைத் திறந்து மணிகளைப் பிசைந்த பழத்தில் தூவி, மெல்லாமல் விழுங்கலாம். வெயில் படும் யன்னலோரமும் அடுப்படியும் குளிகை வைக்கும் இடங்கள் அல்ல. பால் தேநீருக்கும் பால்மாப் பானத்துக்கும்கூட நொதியம் வேண்டும். வெறும் தேநீருக்கும் இளநீருக்கும் வேண்டியதில்லை.

இக்குளிகைகள் பன்றியின் சதையியிலிருந்து எடுக்கப்படுபவை. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, கல்முனை முஸ்லிம் நோயாளர்களுக்கும் மரக்கறி மட்டுமே உண்போருக்கும் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பின்னர் கடைக்காரரிடமிருந்தோ கைப்பேசியிலிருந்தோ தெரியவந்தால், நோயாளி மருந்தை மட்டுமன்றி மருத்துவரையும் நம்பாமல் போவார். வேறு வழியற்ற மருத்துவத் தேவையில் விலக்கப்பட்ட பொருளுக்கு இடமளிப்பது இஸ்லாமியச் சட்ட மரபில் அறியப்பட்ட நெறி. மார்க்க அறிஞரிடம் கேட்டுத் தெளிய நோயாளிக்கு அவகாசம் தர வேண்டும். முடிவு நோயாளியுடையது.

வாவிக்கரை உணவும் பத்தியமும்

செங்கண்மாரி என்றதும் எண்ணெய், தேங்காய்ப்பால், மீன், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திக் கஞ்சியும் கீழ்க்காய்நெல்லியும் கொடுப்பது இப்பகுதியின் நெடுநாள் வழக்கம். கிருமியால் வரும் செங்கண்மாரி பெரும்பாலும் தானாகவே தணிவதால் அந்தப் பத்தியத்துக்கு நற்பெயர் கிடைத்துவிட்டது. கட்டி அடைத்து உண்டாகும் செங்கண்மாரி அப்படித் தணியாது. வலியில்லாமல் கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, மலம் வெளிறி, உடல் அரிக்கும் நடுவயதினர் பத்தியத்தில் கழிக்கும் ஒவ்வொரு வாரமும் இரு இழப்புகள்: கட்டி வளர்கிறது, தசை கரைகிறது. பித்தக்கானில் குழாய் வைத்து அடைப்பை நீக்கினால் மஞ்சளும் அரிப்பும் இறங்கும். பசியும் ஓரளவு திரும்பும்.

கிரந்தி என்று ஒதுக்கப்படும் இறால், நண்டு, கணவாய் ஆகியவற்றில் உள்ள புரதம் எளிதில் செரிக்கக்கூடியது. முன்பு ஒவ்வாமை இல்லாதவருக்கு இவற்றை மறுக்கக் காரணமில்லை. சுமார் 56 கிலோமீற்றர் நீளும் வாவி தரும் மணலையும் கொடுவாவும், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் எருமைத் தயிரும் எந்தப் புட்டி மாவுக்கும் குறைந்தவை அல்ல. நோயாளருக்கான பொது அளவு, ஒரு கிலோ உடல் நிறைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிலோகலோரியும், ஒரு கிராமுக்குக் குறையாமல் 1.5 கிராம் வரை புரதமும். 50 கிலோ மனிதருக்கு இது 1,250 முதல் 1,500 கிலோகலோரி. புரதம் 50 முதல் 75 கிராம். இரண்டு முட்டையில் 12 கிராம், 100 கிராம் சமைத்த மீனில் ஏறக்குறைய 20 கிராம், ஒரு கோப்பைத் தயிரில் 8 கிராம் அளவு, ஒரு கோப்பைப் பருப்புக் கறியில் இன்னுமோர் 8 கிராம், ஒரு கைப்பிடி கச்சானில் 7 கிராம். ஐம்பதைத் தாண்டியாயிற்று.

சிக்கல், இவ்வளவையும் நோயாளியால் மூன்று வேளையில் சாப்பிட முடியாது என்பதுதான். ஆறேழு சிறு வேளைகளாகப் பிரிக்க வேண்டும். பலருக்குக் காலையில் பசி நன்றாக இருக்கும். அப்போதே முட்டையோ மீனோ சேர்ந்த கனமான சாப்பாட்டைக் கொடுத்துவிடலாம். ஆட்டுக்கால் சூப்பு, ரசம், வடித்த கஞ்சி ஆகியவை வயிற்றை நிரப்பும் அளவுக்குச் சத்துத் தருவதில்லை. கஞ்சிதான் இறங்குகிறது என்றால் அதில் தேங்காய்ப்பாலும் பயறும், அல்லது பால்மாவும் முட்டையும் சேர்க்கலாம். நொதியக் குளிகை எடுப்பவர் தேங்காய்ப்பாலை அஞ்ச வேண்டியதில்லை. கொழுப்பைக் குறைப்பதற்கு முன் குளிகையின் அளவைக் கூட்டிப் பார்ப்பதே முறை. "சீனி சாப்பிட்டால் புற்று வளரும்" என்று மாச்சத்தை நிறுத்துவதும், சாற்று விரதம் இருப்பதும் மெலிவை விரைவாக்கும்.

சீனி வருத்தமும் சதையியும்

அமெரிக்காவின் மாயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட கணிப்பின்படி, 50 வயதைக் கடந்த பின் புதிதாக நீரிழிவு கண்டவர்களில் ஏறக்குறைய 100 பேரில் ஒருவருக்கு மூன்று ஆண்டுகளுக்குள் சதையிப் புற்றுநோய் தெரியவருகிறது. வழமையான நீரிழிவு நிறை கூடியவரிடம் தோன்றுவது. நிறை இறங்கிக்கொண்டே போகும் ஒருவருக்குப் புதிதாகச் சீனி ஏறினால், அல்லது நெடுநாள் கட்டுப்பாட்டில் இருந்த சீனி காரணமின்றிக் குழம்பினால், வயிற்று ஸ்கான் கேட்பது நியாயம். சோற்றைக் குறைத்ததால் மெலிந்தார் என்று கிளினிக்கிலேயே பாராட்டப்பட்டு, பின்னர் கட்டி கண்டறியப்படுவது மருத்துவ உலகம் அறிந்த துயரம்.

நோய் உறுதியான பின் நீரிழிவுப் பத்தியத்தின் கணக்கே மாறுகிறது. மெலிந்தவரின் சோற்றைக் குறைத்துச் சீனியை இறக்குவதைவிட, சோற்றைக் கொடுத்து இன்சுலினைச் சரிசெய்வது சரி. மெட்ஃபோமின் சிலருக்குப் பசியைக் குறைத்து வயிற்றோட்டத்தை உண்டாக்கும். அதைத் தொடர்வதா என்று வைத்தியரிடம் கேட்க வேண்டும். நொதியக் குளிகை தொடங்கியதும் உணவு கூடுதலாகச் சேர்வதால் சீனி சற்று ஏறலாம்.

சிகிச்சைக் காலம்

கட்டியை அகற்றும் விப்பிள் சத்திரசிகிச்சை, 1935இல் அதை விவரித்த நியூயோர்க் மருத்துவர் அலன் விப்பிளின் பெயரால் வழங்குகிறது. சதையியின் தலை, முன்சிறுகுடல், பித்தக்கானின் ஒரு பகுதி ஆகியவற்றை எடுத்து மூன்று இடங்களில் மீண்டும் இணைக்கும் நீண்ட வேலை அது. இத்தகைய சத்திரசிகிச்சைகள் அனுபவமிக்க பெரிய நிலையங்களில் செய்யப்படும்போதே நல்ல பலன் தருகின்றன என்பதால் மட்டக்களப்பு நோயாளர் கொழும்புப் பக்கம் அனுப்பப்படுவதுண்டு. காத்திருக்கும் வாரங்களை வீணாக்காமல் நொதியம், புரதம், தினசரி நடை, புகைப்பதை நிறுத்துதல் ஆகியவற்றால் உடலைத் தயார்ப்படுத்தலாம். சத்திரசிகிச்சையின் பின் குடல் இயங்கினால் வாய் வழியாகவோ குழாய் வழியாகவோ விரைவில் உணவு தொடங்குவது, நாளத்தின் வழி சத்தேற்றுவதைவிட மேல்.

கீமோதெரபிக்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை படுவான்கரை மக்களில் பலர் "பாதை" எனப்படும் மிதவைப் படகில் வாவியைக் கடந்தே நகருக்கு வந்தார்கள். பாலம் வந்த பின்னும் உட்கிராமத்து நோயாளிக்கு கிளினிக் நாள் என்பது விடியற்காலைப் பஸ், வரிசை, மருந்தேற்றம், மாலையில் திரும்பும் பயணம். அன்று முழுதும் ஒரு பணிஸும் தேநீரும்தான் சாப்பாடாகிவிடுகின்றன. அவித்த முட்டை, கச்சான், வாழைப்பழம், குளிகை ஆகியவற்றைக் கட்டிக் கொடுத்தால் அந்த நாளின் இழப்புத் தவிரும். நிறை பார்க்கவும் சீனி பார்க்கவும் களுவாஞ்சிக்குடி போன்ற அண்மைய ஆதார வைத்தியசாலைகள் போதும்.

பசியைத் தூண்டும் மருந்துகளில் அண்மைய நல்ல ஆதாரம் தமிழ் நிலத்திலிருந்தே வந்தது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை 124 நோயாளர்களைக் கொண்டு நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில், இரைப்பை, ஈரல்–பித்தம்–சதையி, நுரையீரல் புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெற்றவர்களுக்குத் தினமும் 2.5 மில்லிகிராம் ஒலன்சபைன் கொடுக்கப்பட்டது. 12 வாரங்களில் 5 சதவீதத்துக்கு மேல் நிறை கூடியவர்கள், மருந்து பெற்றோரில் 60 சதவீதம். போலி மாத்திரை பெற்றோரில் 9 சதவீதம். மருந்து மலிவானது. மனநோய்க்கும் தரப்படும் மருந்து என்பதால் வீட்டாருக்கு முன்கூட்டியே விளக்கிவிட வேண்டும். தூக்கமும் சீனி ஏற்றமும் வரலாம். பசியடக்கும் ஜிடிஎஃப்-15 என்ற புரதத்தைத் தடுக்கும் பொன்செக்ரோமாப் என்ற ஊசிமருந்து, 187 பேரிடம் சோதிக்கப்பட்டு 2024இல் வெளியான முடிவில், அதிக அளவு பெற்றவர்களின் நிறையைப் போலி மருந்து பெற்றவர்களைவிட ஏறக்குறைய 2.8 கிலோ கூட்டியது. அது ஆயுளையும் கூட்டுமா என்பதற்குப் பெரிய ஆய்வுகள் தேவை.

நோய் முற்றிய கட்டத்தில்

இறுதி வாரங்களில் உடல் உணவை ஏற்பதை நிறுத்திக்கொள்கிறது. அப்போது ஊட்டியும் நிறை கூடாது. வற்புறுத்தினால் வாந்தியும் புரையேறலும் மிஞ்சும். "சேலைன் ஒண்டு ஏத்துங்க டொக்டர்" என்பது இக்கட்டத்தில் வீட்டார் வழக்கமாக வைக்கும் வேண்டுகோள். 5 சதவீத குளுக்கோஸ் கரைசல் ஒரு லீற்றரில் இருப்பது 50 கிராம் சீனிதான். ஏறக்குறைய 170 கிலோகலோரி. ஒரு தட்டுச் சோற்றின் அளவுக்கும் அது வராது. ஏற்றிய நீர் கால் வீக்கமாகவும் நெஞ்சில் சளியாகவும் சேர்ந்துவிடுவதும் உண்டு.

நோயாளி கேட்பதை, கேட்கும் நேரத்தில், இரண்டு கரண்டி கொடுத்தால் போதும். நீரிழிவுக் கட்டுப்பாடும் கிரந்திக் கட்டுப்பாடும் இப்போது வேண்டியதில்லை. வாயை ஈரப்பஞ்சால் துடைத்து, உதட்டுக்கு எண்ணெய் பூசி, குமட்டலுக்கும் வலிக்கும் மருந்தைத் தவறாமல் கொடுப்பது உணவைவிடப் பயன் தரும். சாப்பிடும் வேளைகளில் மட்டும் நொதியக் குளிகையைத் தொடரலாம். உணவு முற்றாக நின்றதும் அதையும், நிறை பார்ப்பதையும் நிறுத்திவிடலாம். இன்சுலின் அளவை மட்டும் அப்போதே குறைக்க வேண்டும். உண்ணாதவருக்குப் பழைய அளவைப் போட்டால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.